பூனைக்கு மூக்கடைத்தால் முதலில் பாருங்கள் சாப்பாட்டுத் தட்டை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பூனைச் சளி பற்றியவை. தும்மல், மூக்கொழுகல், கண்ணில் பீளை, மூலையில் சுருண்டு கிடப்பது என்று ஏறக்குறைய எல்லாரும் ஒரே நிலைமையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், எங்கள் ஆண் பூனைக்கு மூன்று வயது. நாலு நாளாகத் தும்மல், கண்ணில் நீர், இப்போது மூக்கு முழுசாக அடைத்துக்கொண்டுவிட்டது. மருத்துவரிடம் காட்டினோம். வைரஸ்தான், நுரையீரல் நன்றாக இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டு வரைக்கும் வருகிறான், முகர்ந்து பார்க்கிறான், திரும்பிப் போய்விடுகிறான். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

பதில்: தட்டு வரைக்கும் வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. அவனுக்குப் பசிக்கிறது, ஆனால் வாசனை தெரியவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் பூனை நாக்கை விட மூக்கைத்தான் நம்பும், வாசனை வராத ஒன்றை அது உணவு என்றே எடுத்துக்கொள்ளாது. நமக்கு மூக்கடைப்பு ஒரு தொல்லை, பூனைக்கு அது பட்டினி. சாதாரணச் சளியோடு வந்து பிறகு மோசமாகிப்போகிற பூனைகளில் பலவற்றை வீழ்த்துவது இந்தப் பட்டினியும் அதோடு சேர்ந்து வருகிற நீர்ச்சத்துக் குறைவும்தான். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவிய ஆரம்பிக்கும், அது உயிருக்கே ஆபத்தான நிலை. குண்டுப் பூனைதானே, இரண்டு நாள் தாங்கும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், குண்டுப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

நேற்றுக் காலையிலிருந்து என்றால் 24 மணி நேரம் தாண்டிவிட்டது. அதனால் கீழே சொல்வதை இன்றைக்கே தொடங்குங்கள், கூடவே உங்கள் மருத்துவருக்கும் இன்றைக்கே போன் செய்து, சாப்பிடவே இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். போனில் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறதா, காலால் வாயைத் தேய்க்கிறானா, ஒரு வாய் எடுத்துவிட்டு உடனே பின்வாங்குகிறானா? அப்படியென்றால் நாக்கிலோ அண்ணத்திலோ புண் இருக்கலாம், பூனைச் சளிக்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றான கேலிசி வைரஸில் இது சகஜம். வலியோடு இருக்கிற பூனைக்கு எவ்வளவு மணக்கிற உணவை வைத்தாலும் பலன் இருக்காது, முதலில் வலி குறைய மருந்து வேண்டும், அதை மருத்துவர்தான் தர முடியும்.

இனி மூக்கு. வீட்டுப் பராமரிப்பில் எல்லாமே மூக்கைத் திறப்பதில்தான் ஆரம்பிக்கிறது. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வெந்நீர் ஷவரைத் திறந்துவிடுங்கள், அறை ஆவியால் நிறைந்ததும் பூனையோடு நீங்களும் உள்ளே போய் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். பூனை தண்ணீரில் நனையக் கூடாது, காற்றில் ஈரம் இருந்தால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். ஷவர் இல்லை என்றால் சின்ன அறையில் வெந்நீர் வாளியை அது எட்டாத இடத்தில் வைத்தும் செய்யலாம். ஆனால் நாம் ஆவி பிடிப்பது போல அதன் முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே பிடிப்பது, கூடைக்குள் அடைத்துப் பக்கத்தில் கொதிக்கிற நீரை வைத்துத் துணியால் மூடிவிடுவது இரண்டும் கூடவே கூடாது. திமிறுகிற பூனை மேல் கொதிநீர் கொட்டி வெந்துபோனால் சளியை விடப் பெரிய வேதனை. வீட்டில் நெபுலைசர் இருந்தால் 0.9 சதவீத உப்புநீரை மட்டும் ஊற்றிப் பயன்படுத்தலாம், வேறு எந்த மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் அதில் ஊற்றாதீர்கள். ஆவியில் இருக்கும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள்.

ஆவியிலிருந்து வெளியே வந்ததும் மூக்கைத் துடைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைக் காய்ந்த சளி மேல் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்திருங்கள், ஊறினால் தானாக வரும், பிய்த்து எடுத்தால் தோல் உரிந்து அடுத்த முறை பக்கத்திலேயே விடாது. குழந்தைகளுக்குப் போடுகிற வெறும் உப்புநீர் மூக்குச் சொட்டு, ஒவ்வொரு துளைக்கும் ஒரு துளி, பல பூனைகளுக்கு நன்றாக உதவுகிறது, உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். பாட்டிலில் உப்புநீர் மட்டும்தான் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பெரியவர்கள் மூக்கடைப்புக்குப் போடுகிற மருந்துச் சொட்டு வேறு, அதைத் தொடாதீர்கள்.

மூக்கு கொஞ்சம் திறந்திருக்கிற அந்த நேரத்தை விட்டுவிடக் கூடாது. உணவை முன்பே தயாராக வைத்திருந்து உடனே நீட்டுங்கள். சூடு அதன் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில், அதாவது 38 டிகிரி செல்சியஸ் போல இருக்கட்டும், புறங்கையில் வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கினால் நன்றாகக் கலக்குங்கள், உள்ளே ஓரிடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் மணம் எழும், அதற்காகத்தான் இவ்வளவு பாடும். மணம் தூக்கலான ஈர உணவு, குட்டிகளுக்கான ஈர உணவு, வெறும் நீரில் அடைத்த மீன், உப்போ வெங்காயமோ பூண்டோ சேராத வேகவைத்த கோழி என்று எது இறங்கினாலும் இப்போதைக்குச் சரி. சமச்சீரான உணவா என்கிற கவலையை அவன் குணமானதும் எடுத்துக்கொள்ளலாம். தட்டையான தட்டில் ஒரே ஒரு ஸ்பூன் வையுங்கள். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உதட்டில் தொட்டுவிட்டால் நக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிற பூனைகள் நிறைய. கால் மணி நேரத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், காய்ந்த உணவை மூக்குக்கு முன்னால் நாள் முழுக்க வைத்திருந்தால் வெறுப்புதான் வரும்.

சிரிஞ்சில் ஊட்டலாமா என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் ஒரு முறை செய்து காட்டிய பிறகு செய்யுங்கள். தலை நேராக இருக்க வேண்டும், கோரைப்பல்லுக்குப் பின்னால் வாயின் ஓரமாக அரை மில்லி, ஒரு மில்லி என்று விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றுவது, திமிறும்போது ஊற்றுவது, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது ஊற்றுவது இதெல்லாம் உணவை நுரையீரலுக்கு அனுப்பி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். பசியைத் தூண்டுகிற மருந்துகள் இருக்கின்றன, காதின் உள்பக்கத்தில் தடவுகிற களிம்பாகக்கூட இருக்கிறது, எதுவும் நடக்கவில்லை என்றால் உணவு செலுத்துகிற குழாய் வைக்கலாம். அதனால் வாயைப் பிளந்து திணிக்கிற நிலைக்குப் போகாதீர்கள், அப்படித் திணித்த உணவைப் பூனை அப்புறம் ஜென்மத்துக்கும் தொடாது.

தண்ணீரையும் இதோடு சேர்த்தே பாருங்கள். பூனைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 50 மில்லி நீர் வேண்டும், உணவில் இருக்கிற நீரையும் சேர்த்துத்தான். நாலு கிலோ பூனைக்கு 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர உணவில் முக்கால் பங்கு நீர்தான் என்பதால் அது சாப்பிடுகிற பூனை பாதிக் கவலையைத் தீர்த்துவிடும், காய்ந்த உணவு மட்டும் தின்று பழகியதுதான் சீக்கிரம் வறண்டுபோகும். ஈர உணவில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் கலந்து குழம்பாக்கி வையுங்கள். உடம்பில் நீர் இல்லாவிட்டால் சளியும் பிசினாகிவிடும், நீங்கள் எத்தனை முறை ஆவி காட்டினாலும் இளகாது. ஈறைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுப்பாக இருக்க வேண்டும், பிசுபிசு என்று ஒட்டினால் தோலுக்கடியில் நீரேற்ற வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தினம் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நீங்கள் தனியாக எடை மெஷினில் ஏறி, பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சாப்பிட்ட மாதிரி இருந்தது என்கிற ஞாபகத்தை விட எடை உண்மையைச் சொல்லும். படுக்கை, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் ஒரே அறையில், எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சளி பிடித்த பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதையும் விட்டுவிடும், வெதுவெதுப்பான ஈரத் துணியால் முகத்தையும் மார்பையும் துடைத்துவிடுங்கள். அதைப் பல பூனைகள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: ஆன்டிபயாடிக் ஏன் கொடுக்கவில்லை? போன முறை கொடுத்த மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது, அதையே கொடுக்கலாமா? லைசின் பொடி வாங்கிக் கொடுத்தால் வைரஸ் அடங்கும் என்கிறார்களே?

பதில்: மீதி மாத்திரை வேண்டாம். பூனைகளின் மேல் சுவாசப்பாதைத் தொற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸும் கேலிசி வைரஸும், ஆன்டிபயாடிக் இரண்டையுமே ஒன்றும் செய்யாது. துணைப் பிராணிகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேசச் சங்கத்தின் நிபுணர் குழு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: திடீரென்று வந்த சளியில், காய்ச்சலோ சோர்வோ பசியின்மையோ கெட்டிச் சளியோடு சேர்ந்து இல்லாதவரை, ஆன்டிபயாடிக் இல்லாமல் பத்து நாள் வரை கவனித்துப் பார்க்கலாம். ஆக உங்கள் மருத்துவர் அக்கறையில்லாமல் விட்டுவிடவில்லை, நோயைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டு, பூனையும் சோர்ந்து சாப்பாட்டை நிறுத்தியிருந்தால் நிலைமை மாறிவிட்டது என்று அர்த்தம், மறுபடி காட்டுங்கள்.

அப்போது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த மாத்திரையை வெறுமனே தொண்டைக்குள் போட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கி, பிறகு குழாயே சுருங்கிப்போகிற அளவுக்குக் கொண்டுவிடும். மாத்திரைக்குப் பின்னாலேயே 5, 6 மில்லி தண்ணீர் சிரிஞ்சில் மெதுவாகக் கொடுங்கள், அல்லது ஒரு வாய் உணவு ஊட்டுங்கள். திரவ வடிவில் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

லைசின் என்கிற அமினோ அமிலம் பல வருடங்களாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்ததுதான், கேள்விப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியான ஒரு விமர்சனக் கட்டுரை, பூனைகளின் ஹெர்பிஸைத் தடுக்கவும் சரி, குணப்படுத்தவும் சரி, லைசின் பயன்படவில்லை, கொடுப்பதை நிறுத்துங்கள் என்றே முடிவுக்கு வந்தது. அந்தப் பணத்தில் நல்ல மணமான ஈர உணவு வாங்குங்கள். ஹெர்பிஸ் கடுமையாக இருந்தால் ஃபாம்சைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, அது வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். மனிதர்கள் சாப்பிடுகிற அசைக்ளோவிர் மாத்திரை பூனைக்கு நஞ்சு, பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: உடம்பு சுடுகிறது, பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா? ஆவி பிடிக்கும்போது யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விடலாமா?

பதில்: இரண்டுக்கும் கூடாது என்பதுதான் பதில். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை, அதனால் அது ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்கிற ஹீமோகுளோபினையே கெடுத்துவிடும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். கால் மாத்திரையும் பாதுகாப்பான அளவு இல்லை, பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்றே ஒன்று கிடையாது. ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தப் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஈறு பழுப்பாவதற்கோ முகமும் பாதமும் வீங்குவதற்கோ காத்திருக்காதீர்கள். நஞ்சை முறிக்கிற மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. ஐபுபுரோஃபனும் அப்படித்தான், கொடுக்கவே கூடாது.

யூகலிப்டஸ், டீ ட்ரீ, புதினா எண்ணெய்கள், கற்பூரம் கலந்த தைலங்கள் எல்லாம் பூனைக்கு நஞ்சு. காற்றில் கலந்தாலும் மூச்சுக்குழாயை எரிக்கும், உரோமத்தில் படிந்தால் நக்கி வயிற்றுக்குள்ளேயே அனுப்பிவிடும். வெறும் ஆவி போதும். நீங்கள் நெஞ்சில் தைலம் தடவியிருந்தால்கூட அன்றைக்குப் பூனையை மடியில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊதுபத்தி, சிகரெட், அறை வாசனைத் தெளிப்பான் இவற்றையும் சளி தீரும் வரை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: வீட்டில் இன்னொரு பூனையும் இருக்கிறது. பிரித்து வைத்தால் தப்பிக்குமா? கைக்குழந்தை இருக்கிறது, அதற்கு ஒட்டுமா?

பதில்: ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே படுக்கையில் தூங்கியவை என்றால் இரண்டாவது பூனைக்கு ஏற்கனவே போயிருக்க வாய்ப்பு அதிகம். வைரஸ் உள்ளே போய் அறிகுறி தெரிய பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு நாள் ஆகும், சிலவற்றுக்கு இன்னும் தாமதமாகும். இருந்தாலும் பிரித்து வையுங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் நோயாளிப் பூனை எவ்வளவு சாப்பிட்டது, மணல் தட்டில் போனது யார் என்பது தனி அறையில் இருந்தால்தான் தெரியும். அதோடு தொற்றின் அளவும் குறையும். தும்மலில் பறக்கிற துளி ஒரு மீட்டருக்கு மேல் போகும், ஆனால் அதை விட அதிகம் பரப்புவது நம் கையும் சட்டையும்தான். ஆரோக்கியமான பூனைக்கு முதலில் சாப்பாடு வைத்துவிட்டு, நோயாளியைக் கடைசியில் பாருங்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அறிகுறி எல்லாம் நின்ற பிறகும் ஒரு வாரமாவது பிரிவைத் தொடருங்கள்.

ஹெர்பிஸ் வைரஸ் வெளியில் ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்காது, சாதாரணச் சோப்பே அதை அழித்துவிடும். கேலிசி முரடு. காய்ந்த பரப்பில் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும், சானிடைசர் போட்டெல்லாம் அதை நம்பிக்கையாகக் கொல்ல முடியாது. பாத்திரத்தையும் மணல் தட்டையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். நெடி அடங்கும் வரை பூனை பக்கத்தில் இருக்கக் கூடாது. ப்ளீச்சோடு வேறு எந்தச் சுத்திகரிப்பானையும் கலக்காதீர்கள், பீனால் கலந்த தரைக் கழுவியைப் பூனை இருக்கிற வீட்டில் பயன்படுத்தவே வேண்டாம்.

குழந்தைக்கு வருவோம். இந்த இரண்டு வைரஸும் மனிதருக்கு ஒட்டாது. பூனைச் சளியில் சில சமயம் இருக்கிற பாக்டீரியாக்கள், போர்டெடெல்லா, கிளமிடியா போன்றவை, மிக அபூர்வமாக மனிதருக்கு வரலாம். அதனால் கைக்குழந்தையும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பூனை குணமாகும் வரை தள்ளி இருப்பது நல்லது, அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. எதிர்த்திசையில் நடப்பதைப் பலரும் யோசிப்பதில்லை: மனிதரின் ஃப்ளூவும் கோவிட்டும் பூனைக்குப் போகும். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு பூனையைப் பாருங்கள், அல்லது வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறு வாரக் குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். இரண்டு கண்ணும் பீளையில் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. மூக்கும் ஒழுகுகிறது.

பதில்: இதை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன், இன்றைக்கே காட்ட வேண்டிய குட்டி இது. ஒட்டிய இமைக்குப் பின்னால் சீழ் தேங்கி நிற்கும், ஹெர்பிஸாக இருந்தால் கருவிழியில் புண்ணும் இருக்கலாம், தாமதித்தால் பார்வை போய்விடும். கிளம்புவதற்கு முன் செய்யக்கூடியது, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைக் கண் மேல் சில நிமிடம் ஒற்றி வைத்து, இளகியதும் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடைப்பது. ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு, ஒரு கண்ணுக்குப் போட்டது இன்னொரு கண்ணுக்கு ஆகாது. இமையை விரலால் பிரித்துத் திறக்காதீர்கள். வீட்டில் கிடக்கிற கண் சொட்டு எதையும் போட வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிவிடும்.

இந்த வயதில் குட்டி எவ்வளவு சீக்கிரம் சரிந்துவிடும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் விளையாடியது மாலையில் தலை தூக்காது. பெரிய பூனைக்கு நான் 24 மணி நேரம் என்று சொன்னேன், இந்தக் குட்டிக்கு ஒரு பகல் முழுக்கப் பட்டினி என்பதே அவசர நிலை. முதலில் சூடு, அப்புறம் உணவு: உடம்பு ஜில்லென்று இருக்கிற குட்டிக்குச் செரிமானமே நடக்காது, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்து, வேண்டாமென்றால் நகர்ந்துபோக இடமும் விடுங்கள். அது சூடானதும் சின்னச் சின்ன அளவாக அடிக்கடி கொடுங்கள். சமையலறைத் தராசில் தினம் நிறுத்துப் பாருங்கள், குட்டிக்கு எடை தினமும் ஏற வேண்டும், ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

கேள்வி: ராத்திரியில் கர்புர் என்று சத்தமாக மூச்சு விடுகிறது. எந்த நிலையில் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: சத்தம் உங்களைப் பயமுறுத்துகிறது, புரிகிறது. ஆனால் கர்புர் சத்தம் பெரும்பாலும் மூக்கிலிருந்து வருவது, அதைக் கேட்டுக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள். நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கினால் அடைப்பு மேலேதான் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது சத்தமே இல்லாமல் வேகவேகமாக ஏறி இறங்குகிற நெஞ்சு. அது தூங்கும்போது அரை நிமிடம் மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏறி இறங்குவது சேர்ந்துதான் ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் சரி, அதைத் தாண்டினால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எண்ணி, அப்படியே இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஓய்வில் இருக்கும்போதே 40-ஐத் தாண்டிவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணவே தேவையில்லாத அறிகுறிகளும் இருக்கின்றன. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்தை நீட்டி முழங்கையை அகற்றிக் குந்திக்கொண்டு படுக்கவே மறுப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே இழுப்பது, ஈறு நீலமாகவோ வெளுத்தோ போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள், போகிற வழியில் போன் செய்துகொள்ளலாம். துரத்திப் பிடித்துப் போர்வையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், மூச்சுக்குத் திணறுகிற பூனைக்கு அந்தப் போராட்டமே கடைசி அடியாகிவிடும். கூடையை அதன் பக்கத்தில் கொண்டுபோய், சத்தமில்லாமல் உள்ளே விடுங்கள். பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு இனமென்றால் இன்னும் ஒரு படி முன்னதாகவே கிளம்புங்கள், அவற்றுக்குச் சாதாரண நாளிலேயே காற்றுப்பாதை குறுகல்.

மூக்கு காய்ந்திருக்கிறதா, காது சூடாக இருக்கிறதா என்பதெல்லாம் காய்ச்சலுக்கு நம்பகமான அடையாளம் இல்லை. பூனையின் இயல்பான வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி வரை, நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

கேள்வி: வெளியூர் போய்த் திரும்பி ஒரு வாரம் ஆனால் போதும், எங்கள் பூனைக்குத் தும்மலும் கண்ணீரும் வந்துவிடுகிறது. விடுதியில் விட்டுவிட்டுப் போகிற இடத்தில் தொற்றுகிறதா?

பதில்: தொற்றியிருக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் இதே கணக்கில் வருகிறது என்றால் வைரஸ் அதன் உடம்பிலேயே குடியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹெர்பிஸ் வந்த பூனைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் வைரஸ் முகத்தின் உணர்வு நரம்பின் முடிச்சுக்குள் வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும். மனஅழுத்தம் வந்தால் வெளியே வரும், ஆனால் உடனே வராது, ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொல்கிற ஒரு வாரம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அடுத்த முறை கிளம்பும்போது முடிந்தால் பூனையை வீட்டிலேயே விட்டு, தெரிந்த ஒருவரை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடம் மாறுவதுதான் பூனைக்குப் பெரிய அழுத்தம், நீங்கள் இல்லாததைக்கூட அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வேறு ஏதாவது நோய்க்கு ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால் இந்தக் கதையை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஸ்டீராய்டும் வைரஸைக் கிளப்பிவிடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் அது வெறும் நீர் வடிதல் இல்லை, கருவிழியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதே போல எழுதிய இன்னொருவர், மாதக்கணக்கில் ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி வருகிறது என்கிறார். அது வேறு விஷயம். ஒரு பக்கம் மட்டும் என்றால் சதை வளர்ச்சி, உள்ளே சிக்கிய புல், பல் வேரில் சீழ் என்று தேட வேண்டும், வயதான பூனையென்றால் கட்டியும் இருக்கலாம். ஆவி பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்ட பூனை, வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஆனாலும் தும்முகிறது, சாப்பிடவும் செய்கிறது. பிறகு எப்படி வந்தது? இப்போது மறுபடி ஊசி போட்டுவிடலாமா?

பதில்: உங்கள் செருப்பிலும் கையிலும் வந்திருக்கலாம், குட்டியாக இருந்தபோதே வந்து இத்தனை நாள் ஒளிந்திருந்திருக்கவும் கூடும். இந்த ஊசி தொற்றை முழுதாகத் தடுக்காது, வந்தால் லேசாக வந்துபோகும்படி செய்யும். உங்கள் பூனை தும்மிக்கொண்டே சாப்பிடவும் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. நோயோடு இருக்கும்போது வழக்கமான ஊசி வேண்டாம், முழுதாகக் குணமான பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு போய் எது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும் வரையிலாவது போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுத்திருக்கலாம் என்பதால்தான் அடுத்தடுத்த ஊசிகள். பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஒரு பூஸ்டர், அதன் பின் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பது அதன் வாழ்க்கை முறையைப் பொறுத்தது, விடுதியில் அடிக்கடி விடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.